ஒரு சொட்டும் விழாத ஆயுத பூஜை

ஜூன் பதினான்காம் தேதி, சனிக்கிழமை. வாசல் கைப்பிடியில் தொங்கும் பையிலிருந்து பால் பாக்கெட்டுகளை எடுத்து, ஒன்றைக் காய்ச்சி, மற்றதை ஃபிரிட்ஜில் வைத்து, அம்மாவுக்கு ரத்த அழுத்த மாத்திரையும் காபியும் கொடுத்து, குப்பையை ஈரம் வேறு காய்ந்தது வேறாகப் பிரித்து, இரண்டு வாளிகளில் எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். எனக்கு எல்லாச் சனிக்கிழமையும் இந்த வரிசையில்தான் தொடங்கும். வரிசை மாறினால் அதை டைரியில் எழுதிவைப்பேன். அன்றைக்கு எழுதும்படி ஆனது, பேஸ்மென்ட்டில் லிஃப்ட் கதவு திறந்ததும் மூக்கில் ஏறிய ஒரு வாசனையால். சூடான இரும்பின்மேல் வழிந்து காய்ந்த எஞ்சின் ஆயிலின் வாசனை. கடலை எண்ணெய் கருகும் நெடியும், வெயிலில் தார் இளகும் நெடியும் கலந்தாற்போல் இருக்கும்; தொண்டையில் போய் ஒட்டிக்கொள்ளும். நாற்பது வருஷத்துக்கு மேலாக நான் அதை முகர்ந்ததில்லை. வாளிகளைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் நின்றுவிட்டேன்.

மூன்றாம் மாடிக் கார்த்திக் தூணோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். நாமக்கல் பக்கத்துப் பிள்ளை, ஐ.டி. கம்பெனியில் வேலை, போன மாதம்தான் எங்கிருந்தோ ஒரு பழைய காலத்து மோட்டார் சைக்கிளை வாங்கிக்கொண்டு வந்து நிறுத்தியிருந்தார். அதன் அடியில் அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டிருந்தது. அட்டையின் நடுவே கறுப்பாக ஒரு வட்டம்.

"அசோசியேஷன் குரூப்புல போட்டோ போட்டு மானத்தை வாங்கறாங்க ஆன்ட்டி," என்றார். "பாருங்க, இந்தக் குழாயிலிருந்துதானுங்க சொட்டுது. ஒரு போல்ட்டைத் திருகி அடைச்சுட்டா ஜோலி முடிஞ்சுதுங்க."

"அடைக்காதீங்க," என்றேன். நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது.

"ஏனுங்க?"

"அது வண்டி மூச்சு விடுற குழாய்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். இரண்டு குப்பை வாளிகளும் நைட்டிமேல் துண்டுமாக நிற்கும் பொம்பிளை சொல்கிற பேச்சாக அது அவருக்குத் தோன்றவில்லை போலும். "ஆன்ட்டி, நீங்க வண்டி ஓட்டுவீங்களா?" என்றார்.

"இல்லை. எங்கப்பா சொன்னது."

சொன்னவர் அவர்தான், அடைத்தவரும் அவர்தான். அதனால் என் அக்கா சரளா கையில் கிடைத்த வேலையை இழந்தாள். பழியை அம்மா எடுத்துச் சுமந்தாள்; இன்றைக்கும் சுமந்துகொண்டிருக்கிறாள். இளமைக்கால நினைவு என்றால் இனிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

நாங்கள் அப்போது அல்சூரை ஒட்டிய ஜோகுபாளையத்தில் ஒரு 'வட்டாரா'வில் குடியிருந்தோம். கன்னடத்திலிருந்து எங்கள் பேச்சுக்குள் வந்து உட்கார்ந்துகொண்ட சொல் அது. தெருவுக்கு ஒரே கதவு, உள்ளே கல் பாவிய முற்றம், முற்றத்தைச் சுற்றி ஓர் அறையும் சமையல் மூலையுமாக ஆறு குடித்தனங்கள், கோடியில் ஒரு குழாயும் இரண்டு கக்கூஸும். முன்பக்கத்துப் பெரிய வீட்டில் ஓனரம்மா இருந்தார். வாடகையை ஒருநாள் தள்ளிக் கொடுத்தாலும் பொறுத்துக்கொள்வார். முற்றத்துக் கல்லில் கறை பட்டால் பொறுக்கமாட்டார். அந்தக் கற்களை அவருடைய மாமனார் கோலாரிலிருந்து வண்டியில் கொண்டுவந்து இறக்கினாராம். வெள்ளிக்கிழமைதோறும் ஆளை வைத்துத் தேய்த்துக் கழுவி, ஈரம் காய்வதற்குள் நடந்தால் சத்தம் போடுவார்.

அந்தக் கல்மேல்தான் அப்பாவின் வண்டி நின்றது. மிலிட்டரி ஏலத்தில் கழித்துவிட்டதை, 'டிஸ்போசல்' என்று சொல்வார்கள், இரண்டு கை மாறி அப்பா வாங்கியிருந்தார். மேலே கறுப்புச் சாயம். கீறல் விழுந்த இடத்தில் அடியிலிருந்து பட்டாளத்துப் பச்சை எட்டிப்பார்க்கும். தெருவில் அதற்குப் 'பெரிய வண்டி' என்றே பெயர். அப்பா ஒரு தனியார் கம்பெனியில் டெஸ்பாட்ச் கிளார்க். பகலெல்லாம் குனிந்து முகவரி எழுதுகிற மனிதர். அந்த வண்டியில் ஏறி உட்கார்ந்தால் மட்டும் அவருடைய முதுகு நிமிரும். அல்சூர் மார்க்கெட் பக்கம் போனால் ஆட்கள் ஒதுங்கி வழிவிடுவார்கள், அவர் தலையை லேசாக ஆட்டிக்கொண்டு போவார். அவருக்கு வாழ்க்கையில் கிடைத்த ஒரே பெரிய மனுஷத்தனம் அதுதான் என்று இப்போது தெரிகிறது. தெரிவதால் மன்னிக்க முடிகிறதா என்றால், இல்லை.

வண்டி ஒழுகும். எங்கே நின்றாலும் ஒழுகும். அப்பா ஒவ்வொரு மூட்டாகக் கழற்றி, இடுக்கை அடைக்க அட்டையில் புதிதாக 'கேஸ்கெட்' வெட்டி வைத்துப் பூட்டுவார். கடையில் விற்கும் அட்டை சரியில்லை என்று கல்யாணப் பத்திரிகைகளை எடுத்து வெட்டுவார். தடிமனான பத்திரிகை வந்தால் மாப்பிள்ளை யார், பெண் யார் என்று பார்ப்பதற்கு முன்னால் விரலால் சுண்டிப்பார்த்து, "நல்ல அட்டை" என்பார். எங்கள் பெரியப்பா மகள் கல்யாணப் பத்திரிகை, ஓரத்தில் தடவிய மஞ்சளோடு, அந்த எஞ்சினுக்குள் இரண்டு வருஷம் இருந்தது. அப்படியும் ஒழுகியது. வனஸ்பதி டின்னை வெட்டித் தட்டையாக்கி அடியில் வைத்தார். மழை பெய்தால் தட்டில் தண்ணீர் நிறைந்து, ஆயில் மிதந்து, வானவில் நிறத்தில் முற்றமெல்லாம் ஓடும். மரத்தூள் போட்டார், காற்றடித்தால் அது ஆறு வீட்டுக் குடத்திலும் விழும். கடைசியில் கறையைத் தேய்க்கிற வேலை அம்மாவிடம் வந்து சேர்ந்தது. சாம்பலும் சோடாவும் போட்டுத் தேய்த்துத் தேய்த்து அம்மாவின் விரல் இடுக்குகள் வெடித்திருக்கும்.

"இந்த வண்டி சொட்ற எண்ணெயில கோயிலுக்கு நாலு வெளக்கு ஏத்தலாம். புண்ணியமாவது வரும்," என்பாள் அம்மா.

"ஆயில் சொட்டுதுன்னா உள்ள ஆயில் இருக்குன்னு அர்த்தம். சொட்டாத அன்னிக்குத்தான் பயப்படணும்," என்பார் அப்பா. இதைச் சொல்லிவிட்டு எங்களைப் பார்த்துச் சிரிப்பார். நாங்களும் சிரிப்போம்.

ஒருநாள் எனக்கும் அக்காவுக்கும் வண்டியின் பின்பக்கம் காட்டிப் பாடம் நடத்தினார். எஞ்சினின் அடிவயிற்றிலிருந்து கிளம்பி, சங்கிலி மூடிக்குப் பின்னால் வளைந்து, வாயைக் கீழே தொங்கவிட்டுக்கொண்டிருக்கும் விரல் தடிமன் குழாய். "உள்ள பிஸ்டன் கீழ எறங்குறப்ப காத்து எங்கம்மா போகும்? இது வழியாத்தான் போகும். கூடவே ரெண்டு சொட்டு ஆயிலும் வரும். இது வண்டி மூச்சு விடுற கொழாய். இதை மட்டும் யாரும் அடைக்கக் கூடாது. அடைச்சா உள்ள காத்து முட்டிக்கினு, எல்லா மூட்டுலேருந்தும் ஆயிலைப் பிச்சிக்கினு வெளிய தள்ளும்." நான் ஆறாவது படித்துக்கொண்டிருந்தேன். அவர் சொன்னது வார்த்தை மாறாமல் நினைவிருக்கிறது. அவருக்கு மறந்திருக்க வழியில்லை.

அக்காவுக்கு அப்போது பதினெட்டு. கடிகாரம் பூட்டுகிற ஃபேக்டரி ஒன்றில் பெண்களை வேலைக்கு எடுத்தார்கள். மெல்லிய இடுக்கியால் மயிரிழை போன்ற கம்பிகளை எடுத்து ஊசித்துளைகளில் வைத்துக் காட்ட வேண்டும். கை நடுங்கினால் அனுப்பிவிடுவார்கள். அக்கா இரண்டு மாதம் வீட்டில் பழகினாள். எவர்சில்வர் தட்டில் கடுகைக் கொட்டி, புருவம் திருத்துகிற இடுக்கியால் ஒவ்வொரு கடுகாக எடுத்து மாத்திரை அட்டையின் குழிகளில் வைப்பாள். அப்போது அவள் மூச்சுவிடுவது தெரியாது. நான் தும்மினால் முறைப்பாள். "போடி அந்தப் பக்கம். காத்துல கடுகு ஓடுது," என்பாள். அவளைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். தசராவுக்குப் பிறகு மருத்துவப் பரிசோதனை, அது முடிந்ததும் வேலை. ஃபேக்டரி பஸ்ஸே வந்து ஏற்றிக்கொண்டு போகும், மத்தியானச் சாப்பாடு உள்ளேயே கிடைக்கும், நீலச் சேலை யூனிஃபார்ம். எங்கள் வட்டாராவில் மாதச் சம்பளத்துக்குப் போகப்போகிற முதல் பெண் அவள். குழாயடியில் அவளுக்கு முன்னால் நிற்கிறவர்கள்கூட, "நீ புடிச்சிக்க சரளா," என்று இடம் விட்டார்கள்.

இனி அந்த ஆயுத பூஜை. வட்டாராவில் பூஜை தனித்தனி வீட்டில் இல்லை. முற்றத்தில் எல்லாவற்றையும் வரிசையாக வைத்து ஓனரம்மாதான் நடத்துவார். தையல் மெஷின், இஸ்திரிப்பெட்டி, சைக்கிள்கள், ஓனர் வீட்டு ஸ்கூட்டர், கடைசியில் பெரிய வண்டி. முந்தைய வருஷம் தீபாராதனை காட்டும்போது வண்டியிலிருந்து வழிந்த ஆயில் மெல்லக் கோலத்துக்குள் புகுந்து, பொரியும் கடலையும் வைத்திருந்த இலையின் அடிக்குப் போய், குனிந்து கும்பிட்ட ஓனரம்மாவின் புதுப் பட்டுச்சேலையின் கரையில் ஏறிவிட்டது. "கோபாலப்பா, இது மனேனா, கேரேஜா?" என்று அப்பாவிடம் கேட்டார் அவர். மனே என்றால் வீடு. பிறகு தமிழுக்கு மாறி, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: "அடுத்த பூஜைக்கு ஒரு சொட்டு விழுந்துச்சின்னா, வண்டியும் நீங்களும் சேந்தே கெளம்பிடுங்க."

அப்பாவுக்கு அந்த ஒரு வருஷமும் அது நெஞ்சில் முள்ளாக இருந்திருக்க வேண்டும். இந்த முறை பூஜை நாள் காலையில் அம்மா வண்டியைக் கழுவினாள். பார் சோப்பும் கிழிந்த துணியும் வைத்துக்கொண்டு, சக்கரக் கம்பி ஒவ்வொன்றாகத் தேய்த்தாள். "சரளாவுக்கு வேல கெடச்ச வருஷம், பளபளன்னு இருக்கட்டும்," என்று சொல்லிக்கொண்டேதான் தேய்த்தாள். முடித்து, வாளியை அங்கேயே விட்டுவிட்டுக் குளிக்கப் போனாள். நான் படியில் உட்கார்ந்து மாவிலையைக் கயிற்றில் கோத்துக்கொண்டிருந்தேன்.

அப்பா வந்தார். சுற்றிலும் பார்த்தார். வாளி ஓரத்திலிருந்த சோப்பில் ஒரு துண்டைக் கிள்ளி, உள்ளங்கையில் வைத்துப் பிசைந்தார். பெட்ரோல் டேங்கில் ஓட்டை விழுந்தால் சோப்பைத் தேய்த்து அடைப்பது அப்போது எல்லாரும் செய்கிற வேலை. பெட்ரோலுக்குச் சோப்புக் கரையாது. அந்த நம்பிக்கையில் பிசைந்த சோப்பை அந்தக் குழாயின் வாய்க்குள் திணித்தார். அம்மாவின் கழுவு துணியிலிருந்து ஒரு கீற்றைக் கிழித்து அதன்மேல் அடைத்தார். சட்டைப் பையிலிருந்து மெல்லிய கட்டுக்கம்பியை எடுத்துக் குழாய் வாயைச் சுற்றிக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்து முறுக்கினார்.

"அப்பா, அது மூச்சு விடுற கொழாய்," என்றேன்.

"தெரியும், சும்மா இரு. பூஜை முடிஞ்சதும் எடுத்துடுவேன்."

பூஜை நன்றாக நடந்தது. வழக்கப்படி கற்பூரம் காட்டும்போது வண்டியை ஸ்டார்ட் செய்து நிறுத்தினார். ஒரு சொட்டு விழவில்லை. ஓனரம்மா சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தார், விரலால் கல்லைத் தொட்டுப் பார்த்தார். "பரவாயில்லையே கோபாலப்பா," என்றார். பூசணிக்காய் உடைந்தது. சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். அப்பா வண்டியை முன்னால் உருட்டி அதை நசுக்கினார், பிள்ளைகள் கைதட்டினார்கள். அத்தோடு நின்றிருந்தால் அவர் ஓரமாக நிறுத்திக் கம்பியை அவிழ்த்திருப்பார். நான் அவருக்குச் செய்யக்கூடிய நியாயம் இதுதான்; அவர் எடுத்துவிடத்தான் நினைத்தார்.

ஓனரம்மா விடவில்லை. "பூஜை போட்ட வண்டி, சும்மா நிறுத்தக் கூடாது. பொண்ணுக்கு வேல வந்திருக்கு. அவளைக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போயிட்டு வா," என்றார். ஆறு குடித்தனமும் சுற்றி நின்றது. அந்தக் கூட்டத்துக்கு நடுவே அப்பா எப்படிக் குனிந்து குழாயிலிருந்து சோப்பைத் தோண்டுவார்? சொட்டாததன் சூட்சுமம் இதுதான் என்று எல்லாருக்கும் தெரிந்துபோகாதா? பாராட்டு வந்து இன்னும் சூடு ஆறவில்லை. அவர் கிக்கரை உதைத்தார். அக்கா தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு பக்கவாட்டில் உட்கார்ந்தாள்.

"அப்பா, கொழாய்..." என்று நான் கிட்டே போனேன்.

"உள்ள போ," என்றார்.

அல்சூர் ஏரிக்கரை வளைவுக்குப் போவதற்குள் அவர் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தபடியே எல்லாம் நடந்திருக்கிறது. உள்ளே முட்டிய காற்று சங்கிலிப் பக்கத்து மூட்டைப் பெயர்த்து ஆயிலைத் தள்ள, அது பின் டயர் முழுக்க ஏறிவிட்டது. வளைவில் திரும்பியதும் பின்சக்கரம் வழுக்கி வண்டி படுத்தது. அப்பாவுக்கு முழங்கையில் சிராய்ப்பு. அக்கா விழுகிறபோது வலது கையை ஊன்றியிருக்கிறாள், மணிக்கட்டு நொறுங்கியது.

எலும்பு கூடியது. சுட்டுவிரலும் நடுவிரலும் மடங்கவில்லை. கட்டுப் பிரித்த கையோடு அவள் மருத்துவப் பரிசோதனைக்குப் போனாள். நீட்டின கையை மடக்கச் சொன்னார்களாம். முடியாதபோது, கோபமில்லாமல், அடுத்த பெயரைக் கூப்பிட்டார்களாம். வீட்டுக்கு வந்து தட்டில் இருந்த கடுகை எடுத்து அஞ்சறைப்பெட்டியில் கொட்டினாள். அன்றைக்கு ரசத்துக்கு அதைத்தான் தாளித்தோம்.

அதற்கு முன்பே பழி எங்கே சேர வேண்டுமோ அங்கே சேர்ந்துவிட்டது. விழுந்த மறுவாரம் பிரேசர் டவுனிலிருந்து மெக்கானிக் பாய் வந்து முற்றத்தில் உட்கார்ந்து வண்டியைப் பார்த்தார். குறடால் எதையோ வெட்டி எறிந்தார். குழாயிலிருந்து ஒரு கட்டியை இழுத்து மூக்கில் வைத்து, "அரே! சோப்பு! துணி! யார் பண்ண வேலைப்பா இது?" என்றார்.

சோப்பும் துணியும் என்றதும் முற்றத்தில் இருந்த அத்தனை பேரும் அம்மாவைப் பார்த்தார்கள். கழுவியவள் அவள்தானே. அம்மாவின் முகம் எப்படிப் போயிற்று என்பதை எழுத எனக்கு இன்னும் வரவில்லை. "நான்தான் கழுவுனேன்," என்றாள் மெதுவாக. "துணி உள்ள போயிட்டிருக்குமோ? நான் பாக்கலியே."

அந்த இடத்தில் அப்பா ஒரு வார்த்தை பேசினால் போதும். பேசினார். "கழுவத் தெரியாதவ கையில வண்டியைக் குடுத்தது என் தப்பு," என்றார்.

"அப்பாதான் வெச்சாரு, நான் பாத்தேன்," என்று கத்தினேன். கன்னத்தில் அறை விழுந்தது. அறைந்தவர் அப்பா. ஆனால், "பெத்த அப்பா மேலே பொய் சொல்லுவியாடி? சாமி கண்ணைக் குத்திடும்," என்று என்னை இழுத்துக்கொண்டு உள்ளே போனவள் அம்மா. பாய் தரையில் கிடந்த கம்பியைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், "சரி, விடு," என்று சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

ஓனரம்மா எங்களைக் காலி செய்யச் சொல்லவில்லை. பரிதாபப்பட்டார். அடுத்த தீபாவளிக்குப் பழைய பட்டுச்சேலை ஒன்றை அக்காவுக்குக் கொடுத்தார். வண்டி பழைய இரும்புக்குப் போயிற்று. கல் சுத்தமாக இருந்தது.

அப்பா பிறகு இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் இருந்தார். மோசமானது என்னவென்றால், காலம் போகப்போக அவர் இதை ஒரு வேடிக்கைக் கதையாகச் சொல்ல ஆரம்பித்தார். கல்யாண வீட்டுப் பந்தியில், வேட்டி மடிப்பில் கையை ஊன்றிக்கொண்டு, "எங்க வீட்டம்மா ஒரு தடவை வண்டி கழுவுனாங்க பாரு..." என்று ஆரம்பிப்பார். கேட்பவர்கள் சிரிப்பார்கள். அம்மா பாயசத்தைக் கையில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்துகொள்வாள். நான் சொல்லிப்பார்க்காமல் இல்லை. வேலைக்குப் போன பிறகு சொன்னேன், அப்பா போன பிறகும் சொன்னேன். "சின்ன வயசுல என்னத்தைப் பாத்தியோ. செத்தவரை விடுடி," என்பாள். அக்காவிடமும் சொன்னேன். அவள், "அம்மா தான்தான்னு நெனைச்சிக்கினு இருக்கா, நெனைக்கட்டும். அப்பாதான்னு தெரிஞ்சா என்ன, எனக்கு விரல் மடங்கிடுமா?" என்றாள். ஸ்ரீராம்புரத்தில் தூரத்து உறவில் ஒருவருக்கு, 'கை கொஞ்சம் அப்படித்தான்' என்று முன்கூட்டியே சொல்லிக் கட்டிக்கொடுக்கப்பட்டவள் அவள். ஒரு நர்சரிப் பள்ளியில் ஆயாவாக இருந்து, பிள்ளைகளின் ஷூ லேஸை இடது கையால் முடிந்தே ஓய்வுபெற்றாள்.

அம்மா அவளுக்கு எல்லாம் செய்தாள். பிரசவம் பார்த்தாள், பிள்ளைகளைத் தூக்கி வளர்த்தாள். ஒன்றை மட்டும் செய்யவில்லை. அந்தக் கையைப் பற்றி ஒருநாளும் கேட்டதில்லை. அக்கா தோசைக்கரண்டியைப் பிடிக்கமுடியாமல் இடறினால் அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வாள். கேட்டால் அம்மாவின் நெஞ்சு வெடித்துவிடும் என்று எனக்குத் தெரியும். அக்காவுக்கு அது தெரிந்ததா? "அம்மாவுக்கு என் கை மேல அருவருப்பு," என்று ஒருமுறை என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

இதையெல்லாம் எடுத்துச் சொன்னால் சிலர் ஆறுதலாக, "அந்த ஃபேக்டரியே மூடிட்டாங்களே, எப்படியும் போயிருக்கும்," என்கிறார்கள். உண்மைதான், மூடிவிட்டார்கள். அதுவரைக்கும் அங்கே வேலை செய்த பெண்கள் சொந்தப் பணத்தில் சேலை எடுத்தார்கள், பிள்ளைகளைப் படிக்கவைத்தார்கள், புருஷன் குரலை உயர்த்தினால் பதில் சொன்னார்கள். அக்காவுக்குப் போனது அது.

சனிக்கிழமைக்கு வருகிறேன். மாடிக்குப் போனதும் ஏன் இவ்வளவு நேரம் என்று அம்மா கேட்டாள். எண்பது வயதாகிறது, காது கேட்கிறது, முழங்கால்தான் ஒத்துழைக்கவில்லை. கார்த்திக்கின் வண்டியைப் பற்றிச் சொன்னேன், குழாயைப் பற்றியும். "அந்தக் கொழாய் எங்க இருக்கும்?" என்றாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது: இத்தனை வருஷத்தில் அவள் அந்தக் குழாயைப் பார்த்ததே இல்லை.

லிஃப்ட்டில் அழைத்துக்கொண்டு போனேன். கார்த்திக் பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து வண்டிக்குப் பின்னால் போட்டார். டார்ச் அடித்துக் காட்டினார். அம்மா குனிந்து பார்த்தாள். குழாயின் வாய் தரையைப் பார்த்துத் தொங்கிக்கொண்டிருந்தது. கையை நீட்டி, சுண்டுவிரலை அதற்குள் விட்டுப் பார்த்தாள். நுனி மட்டும் போயிற்று. விரலில் ஒட்டிய ஆயிலைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே கேட்டாள்.

"தம்பி, வண்டியைக் கழுவறப்ப துணி தெரியாம இதுக்குள்ள போயிடுமா?"

கார்த்திக் சிரித்துவிட்டார். "எப்படிங்க பாட்டி போகும்? கீழே படுத்துட்டுத் திணிச்சாத்தானுங்க போகும். அப்படியே போனாலும் நிக்காதுங்க. எஞ்சின் ஸ்டார்ட் ஆனா ஒரே மூச்சுல துப்பிடும்."

"நிக்கணும்னா?"

"கம்பி போட்டு இறுக்கிக் கட்டணுமுங்க."

"கம்பி," என்றாள் அம்மா. பிறகு என்னைப் பார்த்தாள். "பாய் குறடால வெட்டுனாரு இல்ல?"

"ஆமாம்மா."

அவள் எழுந்திருக்கக் கை கொடுத்தேன். மேலே வந்து, சமையலறைக் குழாயடியில் நின்று அந்த விரலை நெடுநேரம் கழுவினாள். சாப்பிட்டாள். டி.வி. வேண்டாமென்றாள். அப்பாவைப் பற்றி நானும் ஒன்றும் சொல்லவில்லை. அம்மாவுக்கு உண்மை தெரிகிற நாளில் ஜெயித்ததாகத் தோன்றும் என்று சிறுவயதிலிருந்து நினைத்திருந்தேன்; அப்படி ஒன்றும் தோன்றவில்லை. ஜோகுபாளையத்து வட்டாரா இருந்த இடத்தில் இப்போது கண்ணாடி வைத்த பி.ஜி. ஹாஸ்டல் நிற்கிறது. கற்களைப் பெயர்த்து லாரியில் ஏற்றிப்போனதை நானே பார்த்தேன். ஓனரம்மா இல்லை, பாய் இல்லை, அன்றைக்குச் சுற்றி நின்று அம்மாவைப் பார்த்தவர்களில் ஒருவர்கூட இல்லை. அவள் குற்றவாளி இல்லை என்று யாரிடம் போய்ச் சொல்வது?

மறுநாள் ஞாயிறு. நான் கண் விழித்தபோது அம்மா என் கட்டிலோரம் உட்கார்ந்திருந்தாள். "சரளாவுக்குப் போன் போட்டுக் குடு," என்றாள். முதல் வேலையாக அதைத்தான் செய்தேன். ஸ்பீக்கரில் போட்டுக் கையில் கொடுத்தேன். அக்கா பதறிப்போய், "என்னம்மா, உடம்புக்கு என்ன? இந்நேரத்துல?" என்றாள்.

"எனக்கு ஒண்ணுமில்ல. உன் கை எப்படி இருக்கு சரளா?"

ஸ்பீக்கரில் அந்தப் பக்கத்துத் தெருவில் யாரோ தண்ணீர் பிடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

"எந்தக் கை?" என்றாள் அக்கா. அந்தக் குரலில் சூடு இருந்தது.

"வலது கைதான். வலிக்குதாம்மா?"

அக்கா மணிக்கட்டிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.